சந்தா, கூட்டம், வாக்கு: பிரிட்டனில் ஒருவர் உள்ளூர்க்காரர் ஆகும் வழி

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பமிட்ட எழுத்து வடிவம்)



பிரிட்டனில் குடியேறிய ஒருவர் அந்நாட்டுக் குடியுரிமை கேட்டால், பெரும்பாலும் முதலில் ஒரு தேர்வு எழுத வேண்டும். 24 கேள்விகள், 45 நிமிடம். 18 விடைகள் சரியாக இருந்தால் தேர்ச்சி. 2005 முதல் இருக்கும் ஏற்பாடு இது. விண்ணப்பமும் ஏற்கப்பட்டுவிட்டால், உள்ளூராட்சி மன்றம் நடத்தும் விழாவில் முடியாட்சிக்கு விசுவாசம் கூறி உறுதிமொழி எடுக்க வேண்டும். இந்த விழா 2004இல் தொடங்கியது. அன்று வீடு திரும்புகிறவர் சட்டப்படி பிரிட்டிஷ் குடிமகன்.

அவர் வாழும் தெரு அவரை எப்போது தன்னவராக எண்ணத் தொடங்குகிறது? அந்தத் தெருவை அவர் தன்னுடையதாக எண்ணுவது எந்த நாளில்? இந்த உரை எடுத்துக்கொண்ட கேள்வி இதுதான். பிரிட்டனில் அந்த நாள் பெரும்பாலும் சிறு சங்கங்களுக்குள் வந்திருக்கிறது என்பது இங்கே முன்வைக்கப்படும் கருத்து. கிரிக்கெட் கிளப், தொழிற்சங்கக் கிளை, கூட்டுறவுக் கடை, கோயில் குழு என்று அவை பல வகை. சந்தா கட்டுவது, கூட்டத்துக்கு வருவது, வாக்களிப்பது, வேலையில் ஒரு பங்கை ஏற்பது என்ற நான்கும் எல்லாவற்றுக்கும் பொது. ஆகவே அந்நாட்டில் இன ஒதுக்கலும் அதே சங்கங்களின் வாசலில்தான் மிகக் கடுமையாக நடந்தது. அதை உடைத்த போராட்டங்களும் அங்கேதான் நடந்தன. எடுத்துக்காட்டுகள் எல்லாம் இங்கிலாந்தைச் சேர்ந்தவை. ஸ்காட்லாந்தும் வேல்ஸும் தனியே பேசத்தக்கவை.

1. சங்கங்களில் பழகிய சமூகம்

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடக்கு இங்கிலாந்தின் ஆலை நகரங்களில் வந்து குவிந்த மக்களுக்கு அரசு கொடுத்தது மிகக் குறைவு. நோயில் விழுந்தால் கூலி நின்றுவிடும். இறந்தால் அடக்கம் செய்யப் பணம் இராது. வாரம் சில பென்னி சேர்த்து நோய்க்கால நிதி, ஈமநிதி என்று அவர்களே தொடங்கினார்கள். அரசுத் திருச்சபைக்கு வெளியே இருந்த மெதடிஸ்ட் முதலிய சபைகளின் சிற்றாலயங்களில் நெசவாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் பிரசங்கம் செய்தார்கள், கணக்கு எழுதினார்கள், கூட்டத்துக்குத் தலைமை தாங்கினார்கள். பிற்காலத் தொழிற்சங்கத் தலைவர்கள் பலருக்குப் பேச்சுப் பயிற்சி கிடைத்த இடம் அந்தச் சிற்றாலயங்கள்தாம்.

1844 டிசம்பர் 21 அன்று ராக்டேல் நகரின் டோட் லேனில் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடையை எல்லோரும் அறிவோம். மாவு, வெண்ணெய், சர்க்கரை போன்ற சில பொருள்களோடுதான் அது திறந்தது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு, பெண்களும் உறுப்பினராகலாம், கணக்கு எல்லோர் முன்பும் வைக்கப்படும். 1904இல் சென்னையில் உருவான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கமும் ராக்டேலை முன்மாதிரியாகக் கொண்டதுதான்.

1862இல் ஹென்றி சோலி என்ற பாதிரியார் தொழிலாளர் கிளப்புகளுக்கென ஒரு கூட்டமைப்பை நிறுவினார். தொழிலாளர்கள் மதுவை விட்டுச் சொற்பொழிவு கேட்கவும் நூல்கள் வாசிக்கவும் வேண்டும் என்பது அவர் எண்ணம். உறுப்பினர்களுக்கு வேலை முடிந்ததும் ஒரு கோப்பை பீர் வேண்டியிருந்தது. உறுப்பினர்களே வென்றார்கள், நிர்வாகமும் படிப்படியாகத் தொழிலாளர் கைக்கு வந்தது. ஆனால் அதே கூட்டமைப்பு பெண்களுக்குச் சம உறுப்பினர் உரிமை கொடுத்தது 2007இல்தான். லார்ட்ஸ் மைதானத்தின் உரிமையாளரான எம்.சி.சி. பெண்களை உறுப்பினராக ஏற்க 1998 ஆனது. தோலின் நிறத்தைப் பேசுவதற்கு முன் இதைக் குறித்துக்கொள்வது நல்லது. உள்ளே இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் நன்றாக அறிந்து நெருக்கமாக வாழும் அமைப்பு, யார் வெளியே என்பதிலும் அதே அளவு உறுதியாக இருக்கும். பிரிட்டிஷ் கிளப்பின் அன்பையும் அதன் கொடுமையையும் தனித்தனியாகப் பிரிக்க முயன்ற வரலாற்றாசிரியர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

2. நெல்சன் நகரத்து லியாரி

லங்காஷயரில் நெல்சன் என்று ஒரு பருத்தி நெசவு நகரம். 1929இல் அங்கே நாற்பதாயிரம் பேர்கூட இல்லை. அந்த ஆண்டு ட்ரினிடாட்டிலிருந்து லியாரி கான்ஸ்டன்டைன் என்ற 27 வயது கறுப்பினக் கிரிக்கெட் வீரர் தம் மனைவி நார்மாவுடன் அங்கே வந்தார். அதற்கு முந்தைய ஆண்டு மேற்கிந்திய அணியோடு இங்கிலாந்து வந்தபோது, லார்ட்ஸில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிராக 86, 103 என்று ஓட்டங்கள் குவித்து, ஓர் இன்னிங்ஸில் 57 ஓட்டங்களுக்கு 7 விக்கெட்டும் எடுத்திருந்தார். அந்த ஆட்டம்தான் அவருக்கு நெல்சன் கிளப்பின் ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது.

லங்காஷயர் லீக்கின் அமைப்பைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஒவ்வோர் அணியிலும் சம்பளம் வாங்கும் தொழில்முறை ஆட்டக்காரர் ஒருவர்தான். மற்றப் பத்துப் பேரும் உள்ளூர்க்காரர்கள்: தறிக்காரர், கடைக்காரர், எழுத்தர். சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம். தொழில்முறை வீரர் ஐம்பது ஓட்டம் எடுத்தால் கூட்டத்தினரிடையே தொப்பியோ பெட்டியோ சுற்றி வரும். ஆலைத் தொழிலாளர்கள் தங்கள் பென்னிகளைப் போடுவார்கள். வார நாள்களில் அவர் கிளப் உறுப்பினர்களுக்கும் சிறுவர்களுக்கும் பயிற்சி தர வேண்டும். அதாவது, ஆட்டம் முடிந்ததும் ஓட்டலுக்குப் போய்விடும் நட்சத்திரமாக இருக்க அங்கே வழியில்லை. அவர் அந்த ஊரில் வசிக்க வேண்டும். ரொட்டிக் கடையிலும் தபால் நிலையத்திலும் வரிசையில் நிற்க வேண்டும்.

முதல் பருவம் கடினமாக இருந்தது. கறுப்பினத்தவரை முன்பின் பார்த்திராத சிறுவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்கள். வசைக் கடிதங்கள் வந்தன. திரும்பிப் போய்விடலாமா என்ற யோசனைகூட அந்த வீட்டில் இருந்தது. போகவில்லை. கான்ஸ்டன்டைன் ஆடிய ஒன்பது பருவங்களில் ஏழில் நெல்சன் லீக் பட்டத்தை வென்றது. 1937க்குப் பிறகு அவர் வேறு கிளப்புக்குப் போனார். ஆனால் குடும்பம் 1949 வரை நெல்சனை விட்டு நகரவில்லை. 1932இல் அந்த வீட்டில்தான் சி.எல்.ஆர். ஜேம்ஸ் வந்து தங்கினார். பின்னாளில் கறுப்பின விடுதலைச் சிந்தனையின் பெரும் பெயர்களில் ஒன்றாகிய அவர், இங்கிலாந்தின் தொழிலாளர் அரசியலை முதன்முதலில் நெருங்கிப் பார்த்தது நெல்சனின் நெசவாளர்களிடம்.

உலகப்போர்க் காலத்தில் கான்ஸ்டன்டைன் லிவர்பூலில் தொழிலாளர் அமைச்சகத்தின் நலன் அலுவலர். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து போர்த் தொழிற்சாலைகளுக்கு வந்தவர்களைக் கவனித்துக்கொள்வது அவர் பணி. 1943 ஜூலையில் லார்ட்ஸில் ஓர் ஆட்டத்துக்காக லண்டன் வந்தவர், ரசல் சதுக்கத்தில் இருந்த இம்பீரியல் ஓட்டலில் குடும்பத்துக்கு முன்பதிவு செய்திருந்தார். வெள்ளை அமெரிக்க விருந்தினர்களைக் காரணம் காட்டி, ஓர் இரவுக்கு மேல் தங்க முடியாது என்றது நிர்வாகம். அரசு அலுவலர், நாடறிந்த ஆட்டக்காரர், மனைவியும் மகளும் உடன் நிற்கிறார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். இன ஒதுக்கலைத் தடுக்க அன்று தனிச்சட்டம் எதுவும் இல்லை. பயணிக்குத் தக்க காரணமின்றி இடம் மறுக்கக் கூடாது என்று விடுதிக்காரர்களைக் கட்டுப்படுத்திய பழைய பொதுச் சட்டத்தைக் கொண்டு அவர் தரப்பு வாதாடியது. 1944இல் நீதிபதி பர்கெட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். இழப்பீடு ஐந்து கினி. தொகை சிறியது, ஆனாலும் இன ஒதுக்கலுக்கு எதிராக நீதிமன்றத்தை நம்பிப் போகலாம் என்பதற்கு அது ஒரு முன்னுதாரணம் ஆயிற்று.

1969இல் அவர் பிரபுக்கள் சபையின் முதல் கறுப்பின வாழ்நாள் உறுப்பினரானார். அந்தச் சபைக்குப் போகிறவர்கள் தம் பட்டத்தோடு ஓர் ஊரின் பெயரைச் சேர்ப்பது வழக்கம். அவர் இரண்டு ஊர்களைச் சேர்த்தார்: ட்ரினிடாட்டின் மரவல், லங்காஷயரின் நெல்சன்.

இந்த வரலாற்றை மகிழ்ச்சிக் கதையாக மட்டும் சொல்லிவிட்டுப் போவது நேர்மையாகாது. நெல்சன் நேசித்தது கோப்பைகளை வென்று தந்த மனிதரை. அந்த நகரத்தின் நெசவாலைகளுக்கு இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் பாகிஸ்தானிலிருந்து வந்து இரவுப் பணி பார்த்தவர்களுக்கு அப்படிப்பட்ட வரவேற்பு இல்லை. அசாதாரணத் திறமை உள்ளவர் மட்டும் நுழையக்கூடிய இடத்தை நியாயமான இடம் என்று சொல்ல முடியாது. சராசரி மனிதர், சராசரி வேலை, சராசரி சந்தா: இவை என்ன பாடுபட்டன என்பதுதான் உண்மையான சோதனை.

3. பேருந்தும் பீர்க் கிளப்பும்

பிரிஸ்டல் நகரத்தில் பேருந்தை இயக்கியது அரசுடைமையான நிறுவனம். ஆள் பற்றாக்குறை இருந்தும், ஓட்டுநர், நடத்துநர் வேலைகளில் கறுப்பினத்தவரோ ஆசியரோ சேர்க்கப்படவில்லை. நிர்வாகத்தோடு தொழிற்சங்கமும் இதில் உடன்பட்டு நின்றது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் உள்ளூர்ப் பிரிவு 1955இலேயே அப்படியொரு தீர்மானம் நிறைவேற்றியிருந்தது. உழைப்பவர் உரிமைக்காக உருவான அமைப்பு, கூட்டம் கூட்டி, கை தூக்கி, உழைக்க வந்த சிலரை வெளியே நிறுத்தியது.

1963இல் கை பெய்லி என்ற ஜமைக்கா இளைஞருக்கு நேர்காணல் தரப்பட்டு, அவர் யார் என்று தெரிந்ததும் ரத்து செய்யப்பட்டது. ராய் ஹேக்கெட், பால் ஸ்டீவன்சன் முதலிய உள்ளூர்ச் செயற்பாட்டாளர்கள் பேருந்துப் புறக்கணிப்பை அறிவித்தார்கள். அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரத்துப் போராட்டம் அவர்களுக்கு முன்மாதிரி. பிரிஸ்டல் பல்கலைக்கழக மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். அரசியல்வாதி டோனி பென் ஆதரவாகப் பேசினார். அப்போது ட்ரினிடாட் டொபாகோவின் ஹை கமிஷனராக லண்டனில் இருந்தவர் வேறு யாருமல்ல, லியாரி கான்ஸ்டன்டைன்தான். அவர் நேரடியாகத் தலையிட்டார். ஒரு தூதர் அடுத்த நாட்டின் உள்ளூர்த் தகராறில் பேசுவது தம் அரசுக்கே உவப்பாக இராது என்று தெரிந்தும் பேசினார். மறு ஆண்டு பதவியை விட்டு விலகினார்.

ஆகஸ்ட் 27 அன்று பேருந்துத் தொழிலாளர்களின் கூட்டம் ஒதுக்கலை நீக்க ஒப்புக்கொண்டது. மறுநாள் நிறுவனம் அறிவித்தது. வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் தம் புகழ்பெற்ற உரையை ஆற்றியதும் அதே ஆகஸ்ட் 28. செப்டம்பரில் ரக்பீர் சிங் என்ற சீக்கியர் முதல் வெள்ளையரல்லாத நடத்துநராகப் பணியில் சேர்ந்தார். பழைய சங்கத்தின் வழிவந்த யுனைட் தொழிற்சங்கம் அன்றைய நடத்தைக்கு மன்னிப்புக் கேட்டது. அதற்கு 2013 ஆக வேண்டியிருந்தது.

1965, 1968 ஆண்டுகளின் இன உறவுச் சட்டங்களுக்கு பிரிஸ்டலும் ஒரு தூண்டுதல். பொது இடங்கள், வேலை, வீடு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டத்துக்குள் வந்தன. ஆனால் கிளப் தப்பித்துக்கொண்டது.

அது எப்படி நடந்தது என்பதை ஈஸ்ட் ஹாம் சொல்லும். 1969இல் கிழக்கு லண்டனின் அந்தப் பகுதியில் இருந்த ஒரு கன்சர்வேடிவ் கிளப்பில், இந்தியாவில் பிறந்த சீக்கியர் ஒருவர் உறுப்பினராக விண்ணப்பித்தார். அந்தக் கட்சியிலேயே உறுப்பினர் அவர். குழுவில் வாக்குகள் சமமாகப் பிரிந்தன. விண்ணப்பதாரரின் நிறம் கருதத்தக்க விஷயமே என்று சொல்லிவிட்டுத் தலைவர் தம் வாக்கை எதிராக அளித்தார். வழக்கு, அப்போது உச்ச நீதிமன்றமாகவும் செயல்பட்ட பிரபுக்கள் சபை வரை போனது. 1973இல் தீர்ப்பு கிளப்புக்குச் சாதகம்: உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் கிளப் ஒரு தனிப்பட்ட வட்டம், பொதுமக்களுக்கான சேவை அதில் இல்லை, ஆகவே சட்டம் எட்டாது.

அடுத்த ஆண்டு பிரெஸ்டன் நகரத்துக் கப்பல்துறைத் தொழிலாளர்களின் லேபர் கிளப் வழக்கிலும் அதே தர்க்கம் வென்றது. இங்கே நடந்தது இன்னும் வேதனையானது. சோலி தொடங்கிய கூட்டமைப்பில் அப்போது சுமார் 4,000 கிளப்புகள் இருந்தன. ஒன்றில் உறுப்பினராக இருந்து இணை அட்டை வைத்திருப்பவர் மற்றவற்றுக்கும் போகலாம். அப்படிப்பட்ட அட்டைதாரர் சுமார் பத்து லட்சம் பேர். அவர்களில் ஒருவர், நிறத்தால் கறுப்பர், தம் அட்டையோடு உள்ளே போய் வெளியேற்றப்பட்டார். ஒரு பக்கம் வலதுசாரிக் கட்சியின் கிளப், மறுபக்கம் தொழிலாளர் இயக்கத்தின் கிளப். நிறத்தின் முன் இரண்டும் ஒரே நிலையில் நின்றன.

1976இன் இன உறவுச் சட்டத்தில் 25ஆவது பிரிவு சேர்க்கப்பட்டது. 25 அல்லது அதற்கு மேற்பட்ட உறுப்பினர் உள்ள சங்கங்கள் இன அடிப்படையில் யாரையும் மறுக்கக் கூடாது. உடன் வேலை செய்கிறவர், பக்கத்து வீட்டுக்காரர், வார இறுதியில் ஒரே மேசையில் உட்கார முடியுமா என்ற கேள்விக்கு நாடாளுமன்றம் பதில் எழுத வேண்டியிருந்தது. பிரிட்டனின் இன உறவு வரலாற்றில் பொதுவாக ஓரமாக வைக்கப்படும் இந்தப் பிரிவு நடுவில் வைத்துப் பேசத்தக்கது.

4. கிரன்விக் வாசலில்

1976 ஆகஸ்ட் மாத வெயில். வடமேற்கு லண்டனின் வில்லெஸ்டனில் புகைப்படச் சுருள் கழுவி அச்சிடும் கிரன்விக் தொழிற்சாலை. வேலைக்காரர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த குஜராத்திப் பெண்கள். கட்டாய மிகைநேர வேலையும் மேலாளர்களின் அவமதிப்பும் பொறுக்காமல் 20ஆம் தேதி ஜெயாபென் தேசாய் வெளியே நடந்தார். குஜராத்தில் பிறந்து, டாங்கனிக்காவில் வாழ்ந்து, 1960களின் இறுதியில் பிரிட்டன் வந்தவர். நான்கடி பத்தங்குல உயரம், சேலை கட்டிய உருவம், கையில் கைப்பை.

அவர்கள் எந்தச் சங்கத்திலும் இல்லை. எங்கே போய்ச் சேருவது என்றும் தெரியாது. தன்னார்வலர்கள் நடத்தும் குடிமக்கள் ஆலோசனை மையத்தைக் கேட்டார்கள்; அது நாட்டின் தொழிற்சங்கங்களின் கூட்டமைப்பான தொழிற்சங்கக் காங்கிரஸின் பக்கம் வழிகாட்டியது. அங்கிருந்து எழுத்தர்களின் சங்கமான ஏபெக்ஸில் சேர்ந்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்கள் 137 பேர்.

எட்டு ஆண்டுகளுக்கு முன், 1968இல், லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் அரசியல்வாதி ஈனக் பவலின் குடியேற்ற எதிர்ப்புப் பேச்சை ஆதரித்து நாடாளுமன்றத்துக்கு ஊர்வலம் போயிருந்தார்கள். 1977 கோடையில் கிரன்விக் வாசலில் யார்க்ஷயர் சுரங்கத் தொழிலாளர்கள் வந்து நின்றார்கள். துறைமுகத் தொழிலாளர்களின் பதாகையும் வந்தது. கிரிக்கிள்வுட் தபால் ஊழியர்கள் அந்த நிறுவனத்தின் அஞ்சல் பைகளைத் தொட மறுத்தார்கள். அஞ்சல் வழியாகவே வியாபாரம் நடத்திய நிறுவனத்துக்கு அது உயிர்நிலையில் விழுந்த அடி. மூன்று அமைச்சர்கள்கூட மறியல் வரிசையில் நின்றார்கள்.

ஆனால் நீதிமன்றங்கள் நிறுவனத்தின் பக்கம் சாய்ந்தன. தபால் புறக்கணிப்பைக் கைவிட வைத்தார்கள். ஆதரவு தேய்ந்தது. 1977 நவம்பரில் தொழிற்சங்கக் காங்கிரஸ் அலுவலகத்தின் வாசலிலேயே ஜெயாபென்னும் தோழர்களும் உண்ணாநோன்பு இருந்தார்கள். அதற்காக அவர்களுடைய சங்கமே அவர்களை இடைநீக்கம் செய்தது. 1978 ஜூலையில் போராட்டம் தோல்வியில் முடிந்தது. யாருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை.

தோல்விதான். என்றாலும் பிரிஸ்டலில் ஆசியர்களையும் கறுப்பினத்தவரையும் விலக்கித் தீர்மானம் போட்ட இயக்கம், இருபத்திரண்டே ஆண்டுகளில் ஆசியப் பெண்களுக்காக ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றது. இந்த மாற்றத்தை எந்தக் குடியுரிமைத் தேர்வும் அளந்து காட்டாது. சங்க அட்டையைக் கையில் எடுத்து, அதன் விதிகளைச் சங்கத் தலைவர்களைவிடத் தீவிரமாக நம்பியவர்கள் புதிதாக வந்தவர்கள்.

5. பொதுக்கூட்டத்தில் ஒரு நூலகர்

இந்த இடத்தில் ஒரு தமிழரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்பலவாணர் சிவானந்தன் 1923இல் கொழும்பில் பிறந்தவர். யாழ்ப்பாண வேர் கொண்ட குடும்பம். 1958 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கையை விட்டு லண்டன் வந்தார். வந்த வேகத்தில் லண்டனின் நாட்டிங்ஹில் இனக்கலவரத்தையும் கண்டார். வங்கியில் பணியாற்றியிருந்தவர், லண்டனில் ஒரு பொது நூலகத்தில் தேநீர் தயாரித்துக் கொடுக்கும் வேலையிலிருந்து தொடங்கினார். பிறகு நூலகப் பயிற்சி பெற்று, 1964இல் இன உறவு நிறுவனத்தின் நூலகரானார்.

அந்த நிறுவனத்தின் ஆட்சிக்குழுவில் பெருநிறுவனங்களின் செல்வாக்கு மிகுதி. ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பயன்படாத ஆய்வு எதற்கு என்று ஊழியர்கள் கேட்கத் தொடங்கியதும் மோதல் வெடித்தது. 1972இல் உறுப்பினர்களின் சிறப்புப் பொதுக்கூட்டம் கூடியது. விதிப்படி உறுப்பினர்கள் வாக்களித்தார்கள், ஊழியர் பக்கம் வென்றது, ஆட்சிக்குழு விலகியது. சிவானந்தன் இயக்குநரானார். பணம் போய்விட்டது, பெரிய கட்டடம் போய்விட்டது. நூலகமும் இதழும் எஞ்சின. ‘ரேஸ் அண்ட் கிளாஸ்’ என்ற பெயரில் அந்த இதழ் இன்றும் வருகிறது. ஓர் ஆங்கிலேய அமைப்பின் விதிப்புத்தகத்தை அந்த அமைப்பையே மாற்றுவதற்குப் பயன்படுத்திய இந்த நிகழ்ச்சி தமிழில் இன்னும் விரிவாக எழுதப்பட வேண்டும்.

6. தாமே அமைத்துக்கொண்டவை

சேர்க்க மறுக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை. வங்கிகள் வீட்டுக்கடன் தராத நாளில் ஜமைக்கா மக்கள் ‘பார்ட்னர்’ என்ற சேமிப்பு முறையால் வீடு வாங்கினார்கள். பத்து இருபது பேர் வாரந்தோறும் பணம் போட்டு, முறைவைத்து மொத்தத் தொகையை எடுத்துக்கொள்ளும் முறை அது. நம் ஊர்ச் சீட்டின் உடன்பிறப்பு. பின்னாளில் வந்த ஈழத்தமிழரும் லண்டனில் சீட்டுப் போட்டே கடை வைத்தார்கள். கொண்டாட்டங்களும் அப்படித்தான் தொடங்கின: 1959 ஜனவரியில் செயற்பாட்டாளர் கிளாடியா ஜோன்ஸ் செயின்ட் பாங்க்ராஸ் நகர மன்றத்தில் நடத்திய கரீபியக் கொண்டாட்டத்திலிருந்து நாட்டிங்ஹில் திருவிழாவின் வரலாற்றைத் தொடங்குவார்கள்.

1972இல் இடி அமீன் உகாண்டா ஆசியர்களை வெளியேற்றியபோது, லெஸ்டர் நகராட்சி உகாண்டாவின் நாளிதழில் விளம்பரமே கொடுத்தது: எங்கள் ஊருக்கு வர வேண்டாம் என்று. அதையும் மீறி ஆயிரக்கணக்கானோர் அங்கே வந்து குடியேறினார்கள். இன்று பெல்கிரேவ் சாலையின் தீபாவளி விளக்குகளை அந்த நகரம் தன் பெருமைகளில் ஒன்றாகச் சொல்லிக்கொள்கிறது.

லண்டன் தமிழர்களின் அமைப்புகளைப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். வாடகைப் பள்ளிக்கூடத்தில் வார இறுதியில் நடக்கும் தமிழ்ப் பள்ளி, யாழ்ப்பாணத்துக் கல்லூரி ஒன்றின் பழைய மாணவர் சங்கம், முருகன் கோயில்: உள்ளடக்கம் முழுக்கத் தமிழ், அமைப்பு முறை பெரிதும் ஆங்கிலேயருடையது. அறநிறுவனமாகப் பதிவு செய்தால் அறங்காவலர்கள் வேண்டும், ஆண்டுக் கணக்கு ஒப்படைக்க வேண்டும். பொதுக்கூட்டம், பொருளாளர், தேர்தல், சில வேளை சண்டை, அரிதாக வழக்கு. ஊரில் கோயில் நிர்வாகத்தில் வாய் திறந்திராத பெண்கள் அங்கே குழுச் செயலாளராகிறார்கள். 2002இல் பொன்விழா ஆண்டில் இரண்டாம் எலிசபெத் ஹைகேட் முருகன் கோயிலுக்கு வந்தார். பிரிட்டனின் அரசி ஒருவர் அந்நாட்டில் இருக்கும் இந்துக் கோயிலுக்குள் சென்றது அதுவே முதல்முறை. அந்த வருகையைப் பெருமையாகச் சொல்பவர்கள் உண்டு. அதைவிடப் பெரிய செய்தி, அந்தக் கோயிலைக் கட்ட ஆண்டுக்கணக்கில் நன்கொடைப் புத்தகத்தோடு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் உழைப்பு.

7. தாள் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதற்கு எதிரான சான்றையும் வைத்தால்தான் வாதம் முழுமை பெறும். 1973க்கு முன் கரீபியத் தீவுகளிலிருந்து வந்து குடியேறியவர்களுக்குச் சட்டப்படி தங்கும் உரிமை இருந்தது. அதற்கான சான்றிதழ் எதையும் அரசு அவர்களுக்கு வழங்கவில்லை. 2012க்குப் பிறகு வேலை தருபவர், வீட்டு உரிமையாளர், வங்கி, மருத்துவமனை என எல்லோரும் குடியேற்ற ஆவணம் கேட்கும் கொள்கை வந்தது. அவர்களுடைய வருகையைக் காட்டியிருக்கக்கூடிய பழைய இறங்குச்சீட்டுகளை உள்துறை 2010இலேயே அழித்துவிட்டிருந்தது. பத்து வயதில், 1968இல், ஜமைக்காவிலிருந்து வந்த ஒரு பெண்மணி 2017இல் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் நாடாளுமன்ற உணவகத்தில் சமைத்தவர். உல்வர்ஹாம்ப்டனில் அவருக்குக் குடும்பம் இருந்தது, பல பத்தாண்டு வாழ்க்கை இருந்தது, தெரு முழுக்க அறிமுகம் இருந்தது. அரசின் பதிவேட்டில் இல்லாத ஒரு தாள் இவை அனைத்தையும் ஒன்றுமில்லாமல் ஆக்கப் பார்த்தது.

அவரை மீட்க உதவியது அந்த நகரத்தின் அகதிகள், குடியேறியோர் மையம் என்ற சிறு தொண்டமைப்பு. கூடவே தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினரும் ஒரு நாளிதழ்ச் செய்தியாளரும். 2018இல் இது நாடளாவிய அவலமாக வெளிப்பட்டது. உள்துறை அமைச்சர் பதவி விலகினார். மன்னிப்பும் இழப்பீட்டுத் திட்டமும் வந்தன. வருந்தத்தக்க வகையில் பலருக்கு அவை காலம் கடந்து வந்தன.

ஆகவே சங்கம் மட்டும் போதும் என்று சொல்ல முடியாது. 25ஆவது பிரிவு இல்லாமல் கிளப்புகள் மாறியிருக்குமா என்பது ஐயமே; ஆவணம் இல்லாமல் அரை நூற்றாண்டு வாழ்க்கையும் காக்கப்படவில்லை. ஆனால் சட்டம் தவறியபோது அந்த மனிதர்களுக்காக யார் வந்தார்கள் என்று பார்த்தால், உள்ளூர் அமைப்புகளின் பெயர்களே மீண்டும் மீண்டும் எதிர்ப்படுகின்றன.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. பிரிட்டிஷ் தொழிற்சங்கங்களின் ஆவணங்கள் வாரிக் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு பிரிக்ஸ்டனில் ஓர் ஆவணகம் இருக்கிறது. லண்டன் தமிழ்ப் பள்ளிகளின் வருகைப் பதிவேடு, பழைய மாணவர் சங்கங்களின் கூட்டக் குறிப்பேடு, கோயில்களின் முதல் நன்கொடைப் பட்டியல், சீட்டுக் கணக்கு நோட்டு ஆகியவற்றில் பல இன்னும் செயலாளர்களின் வீட்டு அலமாரிகளில்தான் கிடக்கின்றன. எழுதியவர்கள் முதுமை எய்திவிட்டார்கள். பெரும்பகுதி தமிழில் இருப்பதால் ஆங்கிலேய ஆய்வாளர் கையில் அவை பேசமாட்டா. இந்த அறக்கட்டளை ஆய்வு மாணவர் ஒருவருக்கேனும் நிதி தந்து, அவற்றைப் படியெடுத்து, மூலங்களை உரியவர்களிடமே திருப்பிக் கொடுக்கும் பணியைத் தொடங்க வேண்டும். முதலில் போக வேண்டிய இடம் ஈஸ்ட் ஹாம். கிளப் ஒன்று சீக்கியர் ஒருவரை மறுத்த அந்தப் பகுதியின் கடைத்தெருவில் இன்று தமிழ்ப் பெயர்ப்பலகைகள் வரிசையாகத் தெரிகின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் அங்கே நடந்தது என்ன என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் அந்தத் தெருக்களில் வாழ்கிறார்கள்.